கசில்தாவின் வெள்ளிக் கால்

வஹாக்கா,
1813 ஏப்ரல் 11

தம்பி எவாரிஸ்தோவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். புரட்சிப் படையின் காசுப் பட்டறையில் தலைமைத் தட்டானுக்கு என்ன குறைச்சல்?

வெள்ளிக்கிழமை வியாகுல மாதா திருநாள். எப்போதும் போலக் கசில்தாவைக் குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டி, மாதாவின் முன் வைக்க முளைவிட்ட கோதுமைச் சட்டியைக் கையில் கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். மாதாவின் கறுப்பு வெல்வெட் அங்கி மொட்டையாக இருந்தது. எத்தனை தலைமுறையின் நேர்ச்சை அதில் தொங்கியது! வெள்ளிக் கண், வெள்ளிக் கை, மாடு பிழைத்ததற்கு வெள்ளி மாடு. ஒன்றும் இல்லை. ஊசி குத்திய ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

கசில்தா கோயில் முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, என் காலை யாரு எடுத்தாங்க?" என்றாள்.

கோயில்பிள்ளை வந்து என்ன சொன்னான் தெரியுமா? "உங்க ஆளுங்கதான்மா மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போனாங்க. சும்மா இல்ல, ரசீது குடுத்திருக்காங்க." ரசீதை மாதா கழுத்தில் மாட்டவா என்று கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தி, "என்கிட்ட கோவிச்சு என்ன பண்ண? தராசு பிடிச்சது உங்க தம்பிதானே" என்றான்.

தராசு பிடித்தவன் நீயா? நாலு வயதில் காய்ச்சல் வந்து அவள் கால் சூம்பிப்போனது உனக்குத் தெரியாதா? இரண்டு வருடம் நான் அவளை இடுப்பில் சுமந்தேன். நேர்ந்துகொண்ட பிறகுதான் அவள் எழுந்து நின்றாள். அந்த வெள்ளிக் காலைச் செய்ததே நீ. அவளுடைய சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும் என்று அதையும் வளைத்து வைத்தாய். அதை எடுத்து எந்த மூட்டையில் போட்டாய்?

மாதாவுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் மாதாவும் எடுத்துக்கொள்வாள். இது ஊரில் குழந்தைக்கும் தெரியும். என் பிள்ளையின் கால் எனக்கு வேண்டும்.

தமியானா


அக்காபுல்கோ கோட்டைக்கு எதிரே, முகாம்,
1813 மே 6

அன்புள்ள அக்கா,

கோவேறு கழுதைக்கார நிக்கானோர் உன் கடிதத்தைக் கொடுக்கும்போதே, "உங்க அக்கா முகம் சரியில்ல, உக்காந்து படிங்க" என்றார். உட்கார்ந்துதான் படித்தேன்.

நான் மூட்டைகளை நிறுத்தேன். உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. எடுத்து வரச் சொன்னது மேலிடம். போர் முடிந்ததும் கோயில்களுக்கெல்லாம் எடைக்கு எடை திருப்பித் தருவார்கள்.

இங்கே வெயிலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. கோட்டைக்குள் ராஜாவின் ஆட்கள் பட்டினி, வெளியே எங்களுக்கு மஞ்சள் காய்ச்சல். பட்டறை என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிடாதே. ஓலைப் பந்தல், மண் உலை, ஒரு துருத்தி, ஈரமணல் நிரப்பிய மரப்பெட்டிகள். மாதிரிக் காசை மணலில் அழுத்தி எடுத்து, உருக்கியதை ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் வில்லும் அம்பும், கீழே ‘தெற்கு’ என்ற எழுத்து. மறுபக்கம் எட்டு ரியால், வருடம். விளிம்பெல்லாம் பிசிறு. அப்பா பார்த்திருந்தால் சுத்தியலால் என் தலையில் போட்டிருப்பார். பெரும்பாலும் செம்புதான். செம்புக் காசை வாங்க ஈட்டி முனையைக் காட்ட வேண்டியிருக்கிறது. வெள்ளி என்றால் கடைக்காரன் கடித்துப் பார்த்துவிட்டுப் பல்லைக் காட்டுகிறான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். கடற்கரைப் பக்கத்துக் கறுப்பன் ஒருவன், பிறந்ததிலிருந்து கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்தவன், முதல் சம்பளம் வாங்க வந்தான். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ராஜா மூஞ்சி எங்கய்யா?" என்றான். இல்லை என்றேன். "அப்ப இது யாரு காசு?" உன்னோடது என்றேன். அவன் சிரித்தான், பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதான். அக்கா, மாதா கோபித்துக்கொள்ளமாட்டாள். அவளும் ஏழைதானே.

மச்சானுக்கு என் வணக்கம். மெழுகுவர்த்தி வியாபாரம் எப்படி? கசில்தாவுக்கு முத்தம்.

உன் தம்பி
எவாரிஸ்தோ


வஹாக்கா,
1813 ஜூன் 2

எவாரிஸ்தோ,

உன் கறுப்பன் அழுததைப் படித்து நானும் அழுதேன். பொய் சொல்லமாட்டேன். அந்த மனுஷனுக்கு நல்லது நடக்கட்டும். அவனுக்குச் சம்பளம் கொடுக்க என் பிள்ளையின் கால்தான் கிடைத்ததா?

போன வாரம் கசில்தா தண்ணீர்க் குடத்தோடு விழுந்தாள். குடம் உடைந்தது பெரிதில்லை. முழங்கால் வீங்கி, காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. உன் மச்சான் பிளாஸ், "மழைக்கு முந்தி இப்படித்தான் வலிக்கும், நீ ஏன் மாதாவை இழுக்கிற?" என்கிறார். மெழுகு உருக்கி உருக்கி அவர் மூளையும் உருகிவிட்டது. இத்தனை வருடம் மழை பெய்யவில்லையா?

அவள் ராத்திரி என்னிடம், "அம்மா, மாமா என் காலை உருக்கிட்டாங்களா? அப்ப சுட்டிருக்குமே" என்கிறாள். நான் என்ன சொல்லட்டும்? நீயே வந்து பதில் சொல்.

பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். இப்போது பார். மிச்சம் இருக்கும் மூட்டைகளைக் கொட்டித் தேடு. சுண்டுவிரல் வளைந்த கால் இரண்டு இருக்காது. கிடைக்காவிட்டால் எனக்கு எழுதாதே.

தமியானா


அக்காபுல்கோ முகாம்,
1813 ஜூலை 9

அக்கா,

கிடைத்துவிட்டது.

கடைசி மூட்டையில், நசுங்கிய தூபக் கலசத்துக்குள் சிக்கி இருந்தது. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. கணுக்காலுக்கு மேலே உளி வழுக்கிய இடம்கூட அப்படியே இருக்கிறது. நான் அழுதேன் என்று எழுதினால் நம்பமாட்டாய், எழுதவில்லை.

ஆனால் அதை அப்படியே உனக்கு அனுப்ப வழியில்லை. முகாமை விட்டுப் போகும் ஒவ்வொரு சுமையையும் காவலர்கள் அவிழ்த்துப் பார்க்கிறார்கள். பட்டறைத் துருத்திக்காரன் ஒருவன் பாத்திர மூடி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு போனான். படையின் வெள்ளியைத் திருடினான் என்று அவனைப் பனைமரத்தில் கட்டிச் சுட்டார்கள். நாங்கள் நின்று பார்க்க வேண்டும் என்றார்கள், பார்த்தோம்.

காசாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் இப்படிச் செய்தேன். கோபப்படாமல் கேள். காலை மட்டும் தனியாக, வேறு வெள்ளி ஒரு பொட்டு கலக்காமல், புது மூசையில் உருக்கினேன். எடை கொஞ்சம் குறைந்தது, அப்பா கொடுத்த என் சட்டைப் பொத்தானைச் சேர்த்தேன். அது நம் வீட்டு வெள்ளிதானே. மணல் அச்சில் வில்லுக்கு அடியில் ஊசியால் ஒரு சின்னப் பாதம் கீறினேன். சுண்டுவிரல் வளைந்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். அதையே என் சம்பளமாகக் கணக்குப்பிள்ளை முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். திருட்டு இல்லை.

உருக்கும்போது சுடவில்லை என்று கசில்தாவிடம் சொல். மாமா கூடவே இருந்தார் என்று சொல்.

நிக்கானோரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டை போட்டு மாதாவிடம் மாட்டிவிடு. இப்போதாவது எனக்குப் பதில் எழுதுவாயா?

எவாரிஸ்தோ


வஹாக்கா,
1813 ஆகஸ்ட் 20

என் தம்பிக்கு,

மாட்டிவிட்டேன்!

நடந்ததைச் சொல்கிறேன். பிளாஸ் ஆணியால் ஓட்டை போட்டார், நான் சிவப்பு நாடா கோத்தேன். பங்குச் சாமியார் அதைப் பார்த்ததும் முகம் கறுத்தார்.

"இது என்னம்மா? மாதா அங்கியில கலகக்காரன் காசா?"

"சாமி, இது காசு இல்ல. கால்."

"எனக்குக் கண்ணு தெரியும் தமியானா. வில்லு இருக்கு, அம்பு இருக்கு."

"கீழ பாருங்க சாமி, பாதம் இருக்கு."

மனுஷர் மூக்கருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "நாளைக்கு ராஜாவோட ஆளுங்க திரும்பி வந்தா உன்னையும் என்னையும் சேத்துத் தொங்க விடுவாங்க" என்றார். அவர்கள் வந்தால் கழற்றிவிடுகிறேன் என்றேன். கடைசியில் அங்கியின் உள்மடிப்பில், யார் கண்ணிலும் படாதபடி அவரே குத்தினார். கிழவருக்கு வாய்தான் பெரிது.

கசில்தா நடக்கிறாள், எவாரிஸ்தோ. முதலில் சுவரைப் பிடித்து, பிறகு என் முந்தானையைப் பிடித்து, இப்போது எதையும் பிடிக்காமல். நேற்று ஆற்றங்கரை வரை போய்த் துணி துவைத்துவிட்டு வந்தோம். மழை நின்றதால் என்கிறார் பிளாஸ். அவர் பேச்சை விடு.

உன்னைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அக்கா என்றால் திட்டத்தான் செய்வாள். ஆனால் வீட்டுக்கு வரும்போது உனக்குப் பிடித்த மாதிரி, இலவங்கப்பட்டை தூக்கலாகச் சாக்லேட் காய்ச்சி வைக்கிறேன். மெலிந்திருப்பாய். காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா
தமியானா


மலைப் பக்கம், ஊர் எழுதவில்லை,
1814 மார்ச் 3

அக்கா,

நின்று எழுத நேரமில்லை. எல்லாம் போயிற்று. குளிர்காலம் முழுக்கத் தோல்விக்கு மேல் தோல்வி. உலையைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு ஓடிவந்தோம். மணல் பெட்டிகளைச் சமையலுக்கு எரித்தோம். அந்தக் கறுப்பனை ஆற்றைக் கடக்கும்போது பறிகொடுத்தேன். அவன் காசு அவனிடமே இருந்திருக்கும், செலவழிக்கவே இல்லை.

ராஜாவின் படை வஹாக்காவை நோக்கி வருகிறது. அங்கே நம்மவர் யாரும் எதிர்த்து நிற்கமாட்டார்கள். அவர்கள் நுழைந்த ஊர்களில் முதல் வேலையாக நம் காசைத் தேடுகிறார்கள். ஒரு ஊரில் செம்புக் காசு ஒன்று வைத்திருந்த வாத்துக்காரியைச் சந்தையில் கட்டிவைத்து அடித்தார்கள்.

அதைக் கழற்று. இன்றைக்கே கழற்று. மச்சானின் அடுப்பிலேயே உருக்கலாம். கரி நிறையப் போட்டு ஊதச் சொல். உருகியதும் தட்டிப் பரத்தி, கத்தரியால் கால் மாதிரி வெட்டினால் போதும். அழகு முக்கியமில்லை. பழையபடி கால் ஆகிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமுடியாது.

என் பேரை எங்கேயும் சொல்லாதே.

எ.


வஹாக்கா,
1814 ஏப்ரல் 5

தம்பிக்கு,

உன் கடிதம் தாமதமாக வந்தது. அவர்கள் முந்திவிட்டார்கள். துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் நுழைந்தார்கள். நீங்கள் ஊரைப் பிடித்தபோது உங்களுக்குப் பூ தூவிய அதே மாடிகளிலிருந்து அவர்களுக்கும் பூ விழுந்தது. நம் ஊர்க்காரர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் ஆச்சரியம் இல்லை.

கோயில் வாசலில் தண்டோரா போட்டார்கள். கலகக்காரன் காசு யாரிடம் இருந்தாலும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், பிறகு கண்டுபிடித்தால் சிறை, சந்தேகம் இருந்தால் அதற்கும் மேலே. சாமியார் அன்று சாயங்காலமே வேர்த்து வழிந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். "இந்தா, உன் காலு. கிணத்துல போடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

உருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். எப்படி? தட்டார் தெருவில் எல்லா உலைக்கும் முத்திரை வைத்துவிட்டார்கள். நாம் தட்டார் குடும்பம் என்று ஊருக்கே தெரியும். பிளாஸ் மெழுகு காய்ச்சினாலே பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்கிறார்கள். துருத்தி சத்தம் கேட்டால் அவ்வளவுதான்.

ஒப்படைக்கலாம். சோளமாவுக்காரி எதிர்வீட்டு ஹோவிதா அப்படித்தான் நல்லபிள்ளையாகப் போய்க் கொடுத்தாள். யார் கொடுத்தது, எப்போது, உன் வீட்டில் யார் அவர்களோடு போனது என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அவள் புருஷனைக் கூட்டிப்போனவர்கள் இன்னும் விடவில்லை. பாதம் கீறிய காசை நான் நீட்டினால் உன்னைப் பற்றித்தான் முதல் கேள்வி.

கிணற்றில் போடச் சொல்லாதே. நீயாவது சொல்லாதே. மாதாவிடம் இருந்து கழற்றியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அவள் நடக்கும் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அதனால் ஒன்று செய்தேன். காசை நாடாவோடு கசில்தாவின் பாவாடைக்குள் இடுப்பில் கட்டிவிட்டேன். காலும் அவளும் ஒன்றாக இருக்கட்டும். சிப்பாய் நம் வாசலில் கால் வைத்தால் பின்வாசல் வழியாக ஆற்றுக்கு ஓடிப்போய், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து ஆழத்தில் போட்டுவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தண்ணீரில் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவர்கள் போனபின் எடுத்துக்கொள்ளலாம். தினமும் அவளை ஓடவிட்டுப் பழக்குகிறேன். "ஒரு தடவகூட விழலம்மா" என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

உயிரோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதி நிக்கானோரிடம் கொடு.

தமியானா


1814 ஏப்ரல் 19

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். தாடி வளர்த்து, வேறு பேரில், கரி சுடுகிறவர்களோடு இருக்கிறேன்.

நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடமிருந்து அதை வாங்கு. என்னைப் பற்றிக் கேட்டால் செத்துவிட்டேன் என்று சொல், நம்புவார்கள், இங்கே எல்லோரும் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெள்ளிக்காக வேண்டாம் அக்கா. போர் முடிந்தபின் நான் வந்து வேறு கால் செய்து தருகிறேன். பெரிதாக, முழங்கால் வரைக்கும். மாதா காத்திருக்கமாட்டாளா?

உன் பதிலுக்கு நான் இந்த மலையிலேயே காத்திருப்பேன். ஊர் விஷயமெல்லாம் வேண்டாம். கசில்தாவின் கால் எப்படி இருக்கிறது, அதை மட்டும் எழுது.

எ.


வஹாக்கா,
1814 மே 2

எவாரிஸ்தோ,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். படித்துக்கொள்.

வாசலில் மூன்று சிப்பாய்கள் நின்றார்கள். நான் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். அவர்களில் பெரியவன் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். "அம்மா, குதிரைக்குத் தீவனம் ஏதாச்சும் இருக்கா? காசு குடுத்துடுறோம்." அவ்வளவுதான் கேட்டான். அவர்கள் எதையும் தேடி வரவில்லை. நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன்னே பின்கதவு படாரென்று அடித்தது.

அவள் நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கத்தினேன், "கசில்தா, நில்லுடி, ஒண்ணுமில்ல, நில்லு" என்று. அவர்களும் "நில்லு" என்றார்கள். நிற்கக்கூடாது என்றுதானே பழக்கியிருந்தேன். அவர்களில் இளையவன் ஒருவன், அவனுக்கு முழுதாக மீசைகூட இல்லை, சுட்டுவிட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் துவைக்கிற கல்லின் மேல் குப்புறக் கிடந்தாள். ஒரு கை தண்ணீருக்குள் இருந்தது. மூடியே இருந்தது. பெரியவன் அந்த விரல்களைப் பிரித்தான். காசைத் திருப்பிப் பார்த்தான், வில்லைப் பார்த்தான், அம்பைப் பார்த்தான். என்னைச் சங்கிலி போட்டு இழுப்பான் என்று காத்திருந்தேன். அவன் அதைக் கடித்துப் பார்த்தான். "வெள்ளி" என்றான் மற்றவர்களிடம். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா ஓடினா? ஓடாம இருந்திருந்தா நாங்க ஏன் சுடப் போறோம்?" என்று கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

தண்டோராவும் சிறையும் செம்புக்குத்தான் போலிருக்கிறது.

சாமியார் பணம் வாங்காமல் அடக்கம் செய்தார். பிளாஸ் தன் கையால் செய்த மெழுகுவர்த்திகளையெல்லாம் ஏற்றினார், பெட்டியில் ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. நீ எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் அது மாதாவிடமே தொங்கிக்கொண்டிருக்கும். நான் திரும்பக் கேட்காமல் இருந்திருந்தால் உன் முகாமில் யாருக்காவது சோறு வாங்கியிருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ வராதே. வந்தால் உன்னையும் அடக்கம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. வேறு கால் செய்யாதே. இனி எதுவும் செய்து அனுப்பாதே.

அவள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதை மட்டும் எழுதச் சொன்னாய்.

நன்றாக இருந்தது தம்பி. வீட்டுப் பின்வாசலிலிருந்து ஆறு வரைக்கும், அந்தச் சரிவில், கல்லிலும் முள்ளிலும், எங்கேயும் தடுக்கவில்லை. அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

தமியானா